மழை பெய்தால் கிளம்பிவிடுவார்

சார் பாளையங்கோட்டையில் அலுவலகம் போட்ட புதிதில், வாசல் பலகையில் ‘கட்டடக் கலைஞர்’ என்று தமிழில் எழுதி மாட்டியிருந்தாராம். முதல் வாரம் படியேறி வந்த ஆள், ஆடி மாதம் அம்மன் கோயில் கொடைக்கு ஒரு வில்லுப்பாட்டு வேண்டும், எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறார். தெருவில் நின்று ‘கலைஞர்’ வரைக்கும்தான் வாசித்திருப்பார் போல. சார் அவருக்குக் காபி வரவழைத்துக் கொடுத்து, நல்ல வில்லுப்பாட்டுக்காரர் ஒருவருடைய விலாசத்தையும் எழுதிக் கொடுத்து அனுப்பினாராம். நாலு வருஷம் கழித்து அதே ஆள் வீடு கட்ட வந்தார். அந்த வீட்டுக்கு நான் படம் வரைந்திருக்கிறேன்.

பிறகு பலகையை ‘ஆர்க்கிடெக்ட்’ என்று மாற்றினார். அதனாலும் பெரிய பலன் இல்லை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்குப் படம் போடுகிற எல்லாரும் இஞ்சினியர்தான். ஆர்க்கிடெக்ட்களுக்கான கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளலாம், 1972ஆம் வருஷத்துச் சட்டம் அப்படி என்று ஆரம்பத்தில் வருகிறவர்களுக்கு விளக்கிப் பார்த்திருக்கிறார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி இஞ்சினியர் சார், அப்போ அஸ்திவாரத்துக்கு எப்ப வானம் தோண்டலாம்?” என்பார்கள்.

அவர் காலமாகி எட்டு மாதம் ஆகிறது. வயது 82. பத்திரிகையில் ஒரு வரி வரவில்லை. வருகிற மாதிரி அவர் எதுவும் கட்டவும் இல்லை. இரண்டு கல்யாண மண்டபம், ஒரு சின்னப் பள்ளிக்கூடம், மற்றதெல்லாம் வீடுகள். 1988இல் டிராப்ட்ஸ்மேனாகச் சேர்ந்து கடைசி வரை அவர் கூடவே இருந்தவன் என்பதால் நான் எழுதுகிறேன்.

பேட்டை ஐடிஐயில் படித்து முடித்த கையோடு போனேன். முதல் நாள் பேனாவைத் தரவில்லை. ஒரு டேப்பும் பென்சிலும் கொடுத்து, “நீர் பிறந்த வீட்டை அளந்து வரைந்துகொண்டு வாரும்” என்றார். நான் பிறந்தது திருநெல்வேலி டவுனில், வரிசை வீடுகள் கொண்ட ஒரு வளவில். பத்தடி அகலம், எழுபதடி நீளம். தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை, அங்கணம், புறவாசல் என்று ரயில் பெட்டி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். சுவரின் கனம் முதற்கொண்டு பிசகாமல் வரைந்து, பெருமையோடு நீட்டினேன்.

பார்த்துவிட்டு, “ஆச்சி எங்கே வே?” என்றார்.

எனக்குப் புரியவில்லை. “உங்கள் வீட்டில் ஆச்சி உண்டா, இல்லையா? உண்டென்றால் எங்கே படுப்பாள்?” தார்சாவில், வாசல் நிலைக்குப் பக்கத்தில் என்றேன். பென்சிலை வாங்கி, அந்த இடத்தில் பத்தமடைப் பாய் அளவுக்கு ஒரு கட்டம் போட்டார். வாசலிலிருந்து புறவாசல் வரை எல்லா நிலையும் ஒரே நேர்கோட்டில் இருந்ததல்லவா, அதன் ஊடே நீளமாக ஓர் அம்பு போட்டார். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று அது. குற்றாலத்தில் சாரலைக் கொட்டிவிட்டு, நமக்கு வெறும் காற்றாக வந்து சேரும். அந்தக் காற்று போகிற வழியில் ஆச்சி பாயை விரித்திருக்கிறாள். எந்த இஞ்சினியரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

இதைப் படித்துவிட்டு அவரைப் பழைய வீட்டுப் பித்து என்று நினைத்துவிட வேண்டாம். வளவு வீடுகளைப் போட்டோ எடுத்து உருகுகிறவர்களைக் கண்டாலே அவருக்கு எரிச்சல் வரும். “ராத்திரி ஒரு மணிக்கு வயிற்றைக் கலக்கினால் அந்த வீட்டுப் பெண் எழுபதடி இருட்டில் நடந்து போக வேண்டும். அது போட்டோவில் வருமா?” என்பார். வீடு கட்ட வருகிறவர்களிடம் அவர் கேட்கிற கேள்விகளும் அந்த ரகம்தான். வீட்டில் வயசாளி யார், ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பார்கள், மாவு ஆட்டுவது யார், கொடைக்கும் கல்யாணத்துக்கும் எத்தனை பேர் வந்து தங்குவார்கள். ‘பேப்பரில் கோடு போட இவ்வளவு ரூபாயா’ என்ற யோசனையோடு உட்கார்ந்திருக்கும் ஆட்களுக்கு இதெல்லாம் வேண்டாத விசாரணையாகத் தோன்றும். நாலைந்து பேர் எழுந்தே போயிருக்கிறார்கள்.

அவருடைய விசித்திரமான பழக்கம் மழைதான். ஐப்பசி, கார்த்திகையில் ராத்திரி அடித்துப் பெய்தால், காலையில் குடையோடு கிளம்பிவிடுவார். என்னுடைய டிவிஎஸ் 50இல் பின்னால் உட்கார்ந்துகொண்டு, தான் கட்டிய வீடு ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பார். பால் காய்ப்புக்குக் கூப்பிட்டால் வேட்டி துண்டை வாங்கிக்கொண்டு பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடுகிற மனிதர், மழைநாளில் கூப்பிடாமலே போய் ஒரு மணி நேரம் இருப்பார். “எங்கே ஒழுகுகிறது?” என்றுதான் பேச்சையே தொடங்குவார். ஒழுகவில்லை என்றால் நம்ப மாட்டார். அலமாரிக்குப் பின்னால் பார்ப்பார், மாடிப்படிக்கு அடியில் முகர்ந்து பார்ப்பார். சில வீட்டுப் பெண்களுக்கு இது பிடிக்காது. காலை எட்டு மணிக்கு வந்து அடுக்களைச் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

ஜன்னலுக்கு மேலே இருக்கிற சன்ஷேடை அவர் சோதிக்கும் விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மழை விட்டதும் விடாததுமாக ஒரு ஸ்டூல் கேட்பார். அதில் ஏறி, சன்ஷேடின் அடிப்பக்கம் ஓரமாக ஒற்றை விரலை நுழைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுப்பார். அங்கே அரை அங்குலத்துக்கு ஒரு காடி ஓட வேண்டும். காடி இருந்தால் தண்ணீர் அந்த விளிம்போடு சொட்டி விழுந்துவிடும். இல்லையென்றால் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டே ஊர்ந்து வந்து சுவரில் இறங்கும், ஜன்னல் கட்டையை அரிக்கும். படத்தில் நாங்கள் காட்டியிருப்போம். பூச்சு வேலை செய்யும் கொத்தனார், ‘இது என்ன பள்ளம்’ என்று சாந்தைத் திணித்து வழுவழுவென்று மெழுகிவிடுவார். சாருடைய விரல் அந்த இடத்தில் நின்றுவிடும். கீழே இறங்கி, கைக்குட்டையில் விரலைத் துடைத்துவிட்டு, நோட்டை எடுப்பார்.

அது பழைய கணக்குப்பிள்ளை நோட்டு. நீளவாக்கில் திறக்கும், சிவப்புத் துணி பைண்டிங். அவர் கட்டிய வீடுகளின் தவறுகள் மட்டும் அதில் இருக்கும். ஒரு பாராட்டுகூடக் கிடையாது. ‘மானூர் பக்கம். கரிசல் மண். கடைக்கால் ஆழம் போதவில்லை. வடக்குச் சுவரில் விரிசல், கோடையில் எட்டணா நுழைகிறது’ என்று ஒன்று. கரிசல் மழையில் ஊதி வெயிலில் சுருங்குகிற மண். அது மேலும் கீழும் அசைந்துகொண்டே இருக்கும். ரூர்க்கியில் உள்ள கட்டட ஆராய்ச்சி நிலையம் இதற்காகவே மண்ணுக்குள் இறக்கி, அடியில் குடை மாதிரி விரிகிற கான்கிரீட் தூண் (பைல்) ஒன்றை உருவாக்கியிருக்கிறது. அந்த வீட்டுக்காரரிடம் செலவைச் சொல்லி வற்புறுத்தத் தனக்குத் தைரியம் வரவில்லை என்பதையும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறார்.

இன்னொரு பக்கத்தில் செங்கல் சுவர். குறைந்த செலவு வீடுகளுக்குப் பேர்போன ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் கட்டிய கட்டடங்களைக் காட்ட ஒருமுறை என்னைத் திருவனந்தபுரம் அழைத்துப் போனார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்துவாக்கில் நிறுத்தி, நடுவில் பொந்து விட்டுக் கட்டுகிற எலிப்பொறிக் கட்டு. கிட்டத்தட்ட கால் பங்கு செங்கல் மிச்சம், பொந்தில் நிற்கிற காற்றினால் சூடும் குறைவு. திரும்பி வரும்போது சார் சின்னப் பையன் மாதிரி பேசிக்கொண்டே வந்தார். அடுத்து வந்த வீட்டில் கட்டியும் பார்த்தார். எங்கள் சூளைச் செங்கல் ஒன்று போல ஒன்று இருக்காது, வரிசை கோணிக்கொண்டு போயிற்று. வீட்டுக்காரரின் மாமனார் வந்து, “பூசாத வீட்டில் எப்படிப் பெண்ணைக் குடிவைப்பது?” என்றார். பூசியாயிற்று. நோட்டில், ‘செங்கல்லைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டிருக்க வேண்டும்’ என்று இருக்கிறது.

மட்டப்பா, அதாவது மொட்டைமாடித் தளம், அந்த விஷயத்தில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டிக் கரைசலும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் அடிப்பார்கள். அடித்தது போதுமா என்று மேஸ்திரியிடம் கேட்க மாட்டார். கட்டையை வாங்கித் தானே ஒரு போடு போடுவார். கட்டை கையில் துள்ள வேண்டும். துள்ளினால் அதற்கு மேல் தட்டோடு பதிக்கலாம். அப்படிப் போட்ட தளம் எதுவும் நோட்டில் ஏறியதாக எனக்கு நினைவில்லை. இப்போது அப்படி அடிக்கத் தெரிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

என்னுடைய தவறும் ஒன்று உண்டு. ஒரு வீட்டில் மாடிப்படித் திருப்பத்தில் தலை இடிக்கும். உத்தரத்தின் ஆழத்தைக் கழிக்காமல் நான் வெட்டுத்தோற்றம் வரைந்ததால் வந்தது. கான்கிரீட் போட்ட பிறகுதான் தெரிந்தது. அந்த வீட்டுப் பையன் வளர்ந்து ஆறடி ஆகிவிட்டான், இன்றைக்கும் குனிந்துதான் ஏறுகிறான். நோட்டில் அந்த இடத்தைப் பயந்துகொண்டே தேடினேன். ‘படத்தைச் சரி பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

65 வயதில் அலுவலகத்தைச் சாத்தினார். வரைபலகை எனக்கு வந்தது. மழைப் பயணம் நிற்கவில்லை, என் வண்டி மட்டும் மாறிற்று. நடக்க முடிகிற வரை தாமிரபரணி ஆற்றுப்பாலம் வரைக்கும் சாயங்கால நடை போவார். சுலோசன முதலியார் தன் கைப்பணத்தில் கட்டி 1843இல் திறந்த பாலம். அதன் வளைவுகளைக் கரையில் நின்று அண்ணாந்து பார்ப்பார். எனக்குத் தெரிந்து இந்த ஊரில் அவர் குறை சொல்லாத கட்டடம் அது ஒன்றுதான். ஈரடுக்கு மேம்பாலத்தைப் பற்றிக்கூட இரண்டு குறை வைத்திருந்தார்.

2023 டிசம்பர் 17, 18ஆம் தேதி மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்துக்குள்ளேயே தண்ணீர். சாருக்கு அப்போது 80 வயது, மகள் வெளியே விடவில்லை. ஆற்றங்கரைப் பக்கம் சிந்துபூந்துறையில் கட்டிய வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார்.

அந்த வீட்டுக்கு ஒரு கதை உண்டு. 1992 நவம்பர் வெள்ளத்துக்கு அடுத்து கட்டியது. சார் பிடிவாதமாக ஐந்து படி உயர்த்தினார். வீட்டுக்காரர், “அம்மைக்கு மூட்டு வலி சார், மூன்று படி போதுமே” என்று மன்றாடினார். சார் அசையவில்லை. நான் போனபோது சேறு வழித்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் தண்ணீர்க் கோடு தரையிலிருந்து ஓரடிக்கு மேலே. ஐந்து படியையும் தாண்டி உள்ளே வந்திருக்கிறது. பேச்சுவாக்கில் அந்த வீட்டு அம்மா சொன்னார்கள்: மாமியார் கடைசி ஆறேழு வருஷம் வாசல் இறங்கவே இல்லையாம். தெருவில் சப்பரம் வரும்போதுகூட மேலேயிருந்தே கும்பிட்டுக்கொள்வாளாம்.

இரண்டையும் சாரிடம் சொன்னேன். இரண்டாவதைச் சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று இப்போதும் தோன்றுகிறது. ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு நோட்டைக் கேட்டு வாங்கினார். கை நடுங்கிற்று. ‘சிந்துபூந்துறை. உயரம் போதவில்லை’ என்று எழுதி, அதற்கு நேர் கீழே, ‘உயரம் அதிகம்’ என்று எழுதினார்.

காரியம் முடிந்த பிறகு அவர் மகள் நோட்டை என்னிடம் கொடுத்தார்கள். அதில் என் வீட்டுக்கும் ஒரு பக்கம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. பெருமாள்புரம் பக்கம் நானே வரைந்து நானே கட்டிய வீடு அது. சார் மேற்பார்வை மட்டும்தான். மேல்காற்று வரட்டும் என்று அடுக்களையில் மேற்கே பெரிய ஜன்னல் வைத்தேன். காற்றும் நன்றாகவே வரும்.

‘டிராப்ட்ஸ்மேன் வீடு. அடுக்களை ஜன்னல் மேற்கு. சாயங்காலம் நாலு மணிக்கு அடுப்பு முன்னால் நிற்பவளுக்குக் கண்ணில் வெயில். இவன் அவளைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.’

என் வீட்டுக்காரி காபிக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தாள். வாசித்துக் காட்டினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“மூன்றரைக்கே வந்துவிடும்” என்றாள்.

பென்சிலை எடுத்து நாலை அடித்துவிட்டு மூன்றரை என்று திருத்தினேன்.