இயற்கை முறையும் இங்கிலாந்து மழையும்

இயற்கை முறைத் திராட்சைத் தோட்டத்தில் வேலை என்றதும், "அப்போ மருந்தே அடிக்க மாட்டீங்களா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அடிப்போம். கென்ட்டில் நான் வேலை பார்த்த தோட்டத்தில் கோடை முழுக்கக் கந்தகக் கரைசலோடு டிராக்டர் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும். கந்தகம் இலைக்குள் இறங்காது, மேலேதான் படிந்து நிற்கும், ஒரு நல்ல மழை வந்தால் கழுவிக்கொண்டு போய்விடும். இங்கிலாந்தில் மழைக்கா பஞ்சம், மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

கொடியைத் தாக்கும் பூஞ்சை நோய்களில் சாம்பல் நோய்க்குக் கந்தகம் கேட்கும், அடிச்சாம்பல் நோய்க்குக் கேட்காது. அதற்குச் செம்புதான் மருந்து. நம் ஊர் விவசாயிகளுக்குத் தெரிந்த போர்டோ கலவை அதே சங்கதிதான். ஆனால் செம்பு மண்ணில் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் ஐரோப்பிய விதிகளில் 7 ஆண்டுகளுக்கு எக்டருக்கு 28 கிலோ என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். எங்கள் முதலாளி அதைத் தொடவே தயங்குவார், காரணம் ஆடுகள். குளிர்காலத்தில் புல் மேய்க்கப் பக்கத்துப் பண்ணையிலிருந்து செம்மறிகள் வரும், செம்மறிக்குச் செம்பு கொஞ்சம் கூடினாலும் விஷம்.

அப்புறம் என்னதான் வழி? கைதான். காய் பிடித்ததும் ஜூலையில் கொத்தைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளி எடுக்க வேண்டும், முதலில் காலை வெயில் படும் கிழக்குப் பக்கம். பினோ நுவார் என்ற கருந்திராட்சை ரகத்தின் கொத்தில் பழங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கெட்டியாக இருக்கும், நடுவில் ஒன்று வெடித்து ஈரம் தங்கினால் போதும், பூசணம் உள்ளுக்குள்ளேயே பரவி, வெளியே தெரியும்போது பாதிக் கொத்து போயிருக்கும். காற்று புகுந்து பனி சீக்கிரம் காய வேண்டும், அவ்வளவுதான் இந்த வேலையின் நோக்கம். அளவுக்கு மீறிக் கிள்ளினால் பழம் வெயிலில் வெந்துவிடும் என்பதால் யாரையும் பிடித்து வந்து இதைச் செய்யச் சொல்லவும் முடியாது. முதுகு ஒடியும் வேலை, இயற்கை முறைச் சான்றிதழில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

என்ன செய்தாலும் வானம் கைவிட்டால் ஒன்றும் நடக்காது. 2012-ல் கோடை அவ்வளவு மோசம், சசெக்ஸின் பெரிய ஒயின் நிறுவனமான நைட்டிம்பரே அந்த ஆண்டு பழம் தேறாது என்று ஒயின் போடவில்லை. இத்தனைக்கும் அது இயற்கை முறைத் தோட்டம் இல்லை. சொலாரிஸ் மாதிரி நோய் தாங்கும் ரகங்களை நட்டால் பாதித் தலைவலி குறையும், ஆனால் பெயர்பெற்ற ரகமான ஷார்டனே என்றால் வாங்குகிறவர்கள் சொலாரிஸ் என்றால் யோசிக்கிறார்கள்.

எனக்கு இன்றும் நெருடுவது டீசல்தான். களைக்கொல்லி கூடாது என்பதால் கொடியடியைக் கொத்திவிட டிராக்டர் திரும்பத் திரும்ப ஓடுகிறது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லி அடிக்கும் தோட்டத்தில் ஓரிரு முறை போனாலே முடிந்துவிடும். இயற்கை முறை வேறு, சுற்றுச்சூழலுக்கு மொத்தத்தில் பாரமாகாத நீடித்த முறை வேறு என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. 2020-ல் பிரிட்டன் ஒயின்காரர்களின் சங்கம் தொடங்கிய நீடித்த ஒயின் திட்டத்தில் சேர இயற்கை முறைச் சான்று தேவையே இல்லை. நான் மண்புழு பக்கம், அதாவது இயற்கை முறைப் பக்கம்தான், ஆனாலும் அவர்கள் கேட்கும் கார்பன் வெளியேற்றக் கணக்கு நியாயமானதுதான்.

அந்தக் கணக்கில் பெரிய பங்கு கண்ணாடிக்கு. ஷாம்பெயின் மாதிரியான நுரை ஒயின் புட்டிக்குள் கார் டயரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் அழுத்தம், புட்டியைக் கனமாகச் செய்யாமல் தீராது. சாதா ஒயினுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அதனால் எங்கள் தோட்டத்தில் அதற்கு மட்டும் லேசான புட்டிக்கு மாறினார்கள். விற்பனை அறையில் ஒருவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "விலையைக் குறைத்துவிட்டீர்களா?" என்று கேட்டார்.