பத்து பெர்சன்ட் எதற்கு?

போன மாதம் கணக்குத் தீர்க்கும்போது ஒரு பாட்டுக்காரப் பெண் கேட்டுவிட்டாள். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா, போன் பேசுறதுக்குப் பத்து பெர்சன்ட் கமிஷன் கொஞ்சம் ஜாஸ்தி இல்லையா?" சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து சோறு போட்டு உட்கார்ந்த பிறகுதான் சுருக்கென்றது.

என் விசிட்டிங் கார்டில் 'நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர்' என்று இருக்கிறது. கோயில் விழாக் கமிட்டிக்காரர்கள் 'ஏஜெண்டம்மா' என்பார்கள். கோபம் வந்தால் 'புரோக்கர்'. மெல்லிசைக் குழுக்களுக்கும், சினிமாவில் நாலு பாட்டு பாடியவர்களுக்கும், டிவி போட்டியில் வந்த பிள்ளைகளுக்கும் கச்சேரி பிடித்துக் கொடுப்பேன். திருச்சியில் உட்கார்ந்துகொண்டு பெரம்பலூர், புதுக்கோட்டை, கரூர், தஞ்சாவூர் வரைக்கும் போகும் என் ராஜ்ஜியம்.

அப்பா ஒரு மெல்லிசைக் குழுவில் அக்கார்டியன் வாசித்தார். அந்தக் குழுவிலேயே டெலிபோன் இருந்த வீடு எங்களுடையதுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான்தான் எடுப்பேன். துணிக்கடையில் கொடுத்த டைரியில் ஊர், தேதி, அட்வான்ஸ் என்று குறித்து வைப்பேன். அப்பா வாசிப்பதை நிறுத்திய பிறகும் போன் அடிப்பது நிற்கவில்லை. 2003-ல் அதுவே என் பிழைப்பாகிவிட்டது. இன்றைக்கும் என் குரலைக் கேட்டதும் "அண்ணன்கிட்ட குடுங்கம்மா" என்பவர்கள் உண்டு. எந்த அண்ணன் என்று நான் கேட்பதில்லை. "அண்ணன் வெளியே போயிருக்கார், ரேட்டை நான் சொல்றேன்" என்று ஆரம்பித்துவிடுவேன். இருபது வருஷத்துக்கு மேலாக அந்த அண்ணன் வெளியேதான் இருக்கிறார்.

நான் விற்பது தேதியைத்தான். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. ஆனால் ஆடியில் அம்மன் கோயில்கள் கைகொடுக்கும். பங்குனி, சித்திரை, வைகாசி முழுக்கத் திருவிழா. புரட்டாசி வந்தால் போனில் கம்பெனிக்காரர்கள் லோன் வேண்டுமா என்று கேட்பதோடு சரி. வருஷத்து வருமானத்தில் பாதி நாற்பது ஐம்பது ராத்திரிகளுக்குள் வந்துவிட வேண்டும். ஒரு தேதியைத் தவறாகக் குறித்தால் அது போனது போனதுதான்.

அப்படி ஒன்றைக் கோட்டை விட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிது. ஒரு கமிட்டி "ஆடி மூணாம் வெள்ளி" என்றது. நானும் டைரியில் அப்படியே எழுதி, விரல் விட்டு எண்ணி, குழுவுக்குத் தேதி சொல்லிவிட்டேன். அந்த வருஷம் ஆடி ஒன்றாம் தேதியே வெள்ளிக்கிழமை. அந்த ஊரில் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லையாம். காப்புக் கட்டிய பிறகு வருவதுதான் முதல் வெள்ளி. குழு வேனில் போய் இறங்கியபோது கோயில் வாசலில் ஒரு நாயும், பந்தக்கால் நடக் குழி தோண்டிக்கொண்டிருந்த ரெண்டு பேரும் இருந்தார்களாம். அடுத்த வெள்ளிக்கு அதே குழுவை வேறு ஊருக்குக் கொடுத்திருந்தேன். வேன் வாடகை, வாசித்தவர்கள் பேட்டா, கடைசி நேரத்தில் பிடித்த இன்னொரு குழுவுக்குக் கூடுதல் பணம், எல்லாம் என் கையிலிருந்து. அன்றிலிருந்து தமிழ்த் தேதி, இங்கிலீஷ் தேதி, கிழமை மூன்றையும் எதிராளி வாயாலேயே சொல்ல வைத்துத்தான் எழுதுகிறேன்.

அடுத்தது பேலன்ஸ். அட்வான்ஸ் கொடுக்க வரும்போது தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு வருவார்கள். பேலன்ஸுக்கு நாம் போக வேண்டும். மைக் டெஸ்ட் செய்யும் முன்பே மொத்தமும் வந்துவிட வேண்டும் என்பது பேச்சு. நடப்பது வேறு. திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊரில் போடும் தலைக்கட்டு வரி முழுசாக வசூலாகியிருக்காது.

பெரம்பலூர் பக்கம் ஒரு ஊர். 85,000 பேசி, 20,000 அட்வான்ஸ். ராத்திரி ஒன்பதரை ஆகியும் மிச்சம் வரவில்லை. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-லேயே வந்த விதி. ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து நின்றுவிட்டால் கச்சேரி முடிந்தது. கூட்டம் கலைந்த பிறகு பொருளாளரைக் கண்டுபிடிக்க அந்த அம்மனே வந்தாலும் ஆகாது. இதற்கு எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. மேடைக்கு வலப்பக்கம் போய் நின்று நான் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தால், குழுத் தலைவர் அடுத்த பாட்டை நிறுத்தி வைத்துவிட்டு மைக்கைப் பிடிப்பார். "இவ்வளவு சிறப்பாக விழா எடுக்கும் கமிட்டிப் பெரியவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி மகிழ்கிறோம், பொருளாளர் அவர்கள் மேடைக்கு வரவும்!" பொன்னாடை என்றால் வராமல் இருப்பாரா? வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தார். கீழே இறங்கும் படியில் நான் நின்றேன்.

கோயில் மண்டபத்தில் டியூப்லைட் வெளிச்சத்தில் துண்டை விரித்துக் கொட்டினார்கள். பத்தும் இருபதும் ஐம்பதுமாக, திருநீறு ஒட்டிய நோட்டுகள். ரெண்டு பேர் எண்ண, நான் ரப்பர் பேண்ட் போட, வெளியே கீபோர்டுக்காரர் முன்னிசையையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். 1,400 ரூபாய் குறைந்தது. பொருளாளர் தன் சட்டைப்பையில் கைவிட்டு ஆயிரத்தை எடுத்து வைத்து, "நானூறை விட்டுருங்கம்மா, சாமி காரியம்" என்றார். விட்டேன். பத்து மணிக்கு ரெண்டு நிமிஷம் இருக்கும்போது கடைசிப் பாட்டு முடிந்தது.

இதையெல்லாம் அந்தப் பெண்ணுக்குச் சொல்லியிருக்கலாம். 2006-ல் விஜய் டிவியில் சூப்பர் சிங்கர் வந்த பிறகு "டிவில பாடுன பிள்ளை வேணும்" என்று கேட்காத கமிட்டி இல்லை. போட்டி நடக்கும்போது ஏறுகிற ரேட், அடுத்த சீசன் தொடங்கிய மறுநாள் இறங்கும். இறங்கிவிட்டது என்று இருபத்திரண்டு வயசுப் பிள்ளையிடம் யார் சொல்வது? நான்தான். சொல்லிவிட்டுத் திட்டும் வாங்கிக்கொள்வேன்.

வரித் தொல்லை வேறு. ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சத்துக்குள் வாங்கினால் நாகஸ்வரத்துக்கும் கரகாட்டத்துக்கும் ஜிஎஸ்டி கிடையாது. சினிமாப் பாட்டுக் கச்சேரிக்கு அந்தச் சலுகை இல்லை. 2017-ல் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த எஸ்.பி.பி.க்கு, அனுமதியில்லாமல் தன் பாட்டுகளைப் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது நினைவிருக்கும். அந்த வாரம் முழுக்கக் கல்லூரிகளிலிருந்தும் கிளப்புகளிலிருந்தும் எனக்கு ஒரே கேள்விதான்: "மேடம், ராஜா சார் பாட்டு பாடலாமா, கூடாதா?" கோயில் விழா, கல்யாணம் வேறு, டிக்கெட் போடும் நிகழ்ச்சி வேறு, அதற்குப் பாட்டுகளுக்கான ராயல்டி வசூலிக்கும் ஐபிஆர்எஸ் அமைப்பிடம் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று விளக்கி விளக்கித் தொண்டை கட்டிவிட்டது. ராஜா பாட்டு இல்லாமல் கச்சேரியா என்று அப்பா தனியாகப் புலம்பினார்.

2020-ஐப் பற்றி அதிகம் எழுதப் பிடிக்கவில்லை. மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவித்தபோது என் டைரியில் 17 அட்வான்ஸ். பணம் என்னிடம் இல்லை, அன்றன்றைக்கே குழுக்களுக்குக் கொடுத்தாயிற்று. அவர்களும் செலவழித்தாயிற்று. மதுரையில் அழகரே ஆற்றில் இறங்காத வருஷம் அது. ஆனாலும் ஒரு ஊர்க்காரர்கள் மாஸ்க்கோடு பைக்கில் வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். வளையலை அடகு வைத்துக் கொடுத்தேன். கரூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மட்டும் போன் போட்டு, "அந்தப் பசங்களே வச்சுக்கட்டும்மா, சாமி எங்க போயிரப் போகுது" என்றார். எங்கள் ரிதம் பேட் வாசிப்பவர் அப்போது காய்கறிச் சந்தையை மாற்றியிருந்த திருச்சி ஜி கார்னர் மைதானத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். 2021 சித்திரையும் அப்படியே போயிற்று. 2022-ல் அந்தக் கரூர் ஊருக்குத்தான் முதல் தேதி கொடுத்தேன், பழைய ரேட்டிலேயே. என் பத்து பெர்சன்டை எடுக்கவில்லை. இதை அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடாதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு போன்.

"அண்ணன் இருக்காங்களா?"

"வெளிய போயிருக்கார். சொல்லுங்க."

"வர்ற ஆடிக்கு ஒரு கச்சேரி. மூணாம் வெள்ளி."

"இங்கிலீஷ் தேதி என்னங்கய்யா?"

"மூணாம் வெள்ளிம்மா!"

"உங்க ஊர்ல காப்பு என்னைக்குக் கட்டுவீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இருங்க, கண்ணாடிய எடுத்துட்டு வர்றேன்" என்றார். காலண்டர் தாள் புரளும் சத்தம் கேட்கிறது. இன்னும் லைனில்தான் இருக்கிறேன்.