மேற்கோளுக்கும் ஒரு பயனிலை வேண்டும்

ஆய்வுக் கட்டுரைகளின் தாக்கத்தை அளந்து அறிக்கை எழுதுவது என் வேலை. நூலளவியல் என்று இந்தத் துறைக்குப் பெயர். மருத்துவம், வேதியியல் போன்ற துறைகளிலிருந்து கோரிக்கை வந்தால் பாதை ஏற்கெனவே போடப்பட்டிருக்கும்: முக்கியமான ஆய்விதழ்கள் எவை என்று தெரியும், தரவுத்தளங்களில் பதிவுகள் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க உலகச் சராசரி கிடைக்கும். செமாண்டிக் வெப் தொழில்நுட்பங்கள் பற்றிய கட்டுரைகளை மதிப்பிட்டுத் தரும்படி ஒரு மறுஆய்வுக் குழு கேட்டபோது இவற்றில் எதுவும் முழுதாகக் கைகொடுக்கவில்லை. ஆனால் அந்தப் பணி கற்றுத்தந்த அளவுக்கு வேறெந்தப் பணியும் எனக்குக் கற்றுத்தந்ததில்லை.

அந்தத் துறையின் அடிப்படையை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வரும் என் பிடிவாதம் புரியாது. சாதாரண வலைப்பக்கத்தில் உள்ள இணைப்பு, ‘அங்கே போய்ப் பார்’ என்று மட்டுமே சொல்கிறது. இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் என்ன உறவு என்பது படிக்கிற மனிதருக்குப் புரியும், கணினிக்குப் புரியாது. உறவுக்கும் ஒரு பெயர் கொடுத்து எழுதிவிட்டால் கணினியும் பொருளறிந்து செயல்படும் என்பதுதான் செமாண்டிக் வெப். 1999-இல், வலைக்கான தரங்களை வகுக்கும் வேர்ல்டு வைட் வெப் கன்சார்டியம் வெளியிட்ட ஆர்டிஎஃப் என்ற பரிந்துரை இதற்கு வடிவம் கொடுத்தது. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என மூன்று உறுப்புகள் கொண்ட கூற்றுதான் அதன் அலகு. 2001 மே மாதம் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் டிம் பெர்னர்ஸ்-லீ, ஜேம்ஸ் ஹெண்ட்லர், ஓரா லசிலா ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை இந்தக் கருத்தை உலகறியச் செய்தது. ஒரு துறையின் கருத்துகளையும் அவற்றுக்கிடையிலான உறவுகளையும் வரையறுப்பவை ஆன்டாலஜிகள்; அவற்றை எழுதுவதற்கான ஓடபிள்யூஎல் மொழி 2004-இலும், இத்தகைய தரவை வினவிப் பெறும் ஸ்பார்க்கிள் மொழி 2008-இலும் பரிந்துரைகளாயின.

பயனிலை இல்லாமல் எந்தக் கூற்றும் நிறைவு பெறாது என்று சொல்லும் துறை இது. அதன் கட்டுரைகளை நாங்கள் எதை வைத்து அளக்கிறோம்? மேற்கோள்களை எண்ணி. மேற்கோள் என்பதோ பயனிலை இல்லாத இணைப்பு. ‘இந்தக் கட்டுரை அந்தக் கட்டுரையைச் சுட்டுகிறது’ என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை. பாராட்டிச் சுட்டியதா, மறுத்துச் சுட்டியதா, அதன் முறையை எடுத்துக் கையாண்டதா, மரியாதைக்காகப் பெயர் சொல்லிக் கடந்துபோனதா, எல்லாமே ஒன்று என்றுதான் கணக்கில் ஏறும். யூஜீன் கார்ஃபீல்டு 1955-இல் ‘சயன்ஸ்’ இதழில், எந்தக் கட்டுரையை யார் சுட்டினார்கள் என்று காட்டும் மேற்கோள் அடைவு என்ற யோசனையை முன்வைத்தபோது, முந்தைய கட்டுரைமீது என்னென்ன விமர்சனம் எழுந்தது என்பதை அடுத்த ஆய்வாளர் அறிய வேண்டும் என்பதும் அவருடைய அக்கறைகளில் ஒன்றாக இருந்தது. தேடுவதற்காகப் பிறந்த கருவி பின்னாளில் மதிப்பெண் போடும் கருவியாகிவிட்டது. ஆய்விதழின் முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மேற்கோள்களின் சராசரியான தாக்கக் காரணியும், ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளையும் அவை பெற்ற மேற்கோள்களையும் ஒரே எண்ணில் சுருக்கும்படி 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்மொழிந்த எச்-குறியீடும் அந்த வழியில் வந்தவைதான்.

எண்ணுவதற்கே வருவோம். எவற்றை எண்ணுவது என்பதில்தான் முதல் சிக்கல். ‘செமாண்டிக் வெப்’ என்ற சொல்லைத் தேடினால் துறையில் ஒரு பகுதிதான் கிடைக்கும். 2006-க்குப் பிறகு ‘லிங்க்டு டேட்டா’ (இணைக்கப்பட்ட தரவு) என்ற பெயரில் எழுதியவர்கள் உண்டு. 2012-இல் கூகுள் தன் ‘நாலெட்ஜ் கிராஃப்’ சேவையை அறிவித்த பிறகு அந்தப் பெயரே பலருடைய தலைப்புகளில் ஏறிக்கொண்டது. பழைய சொல்லை மட்டும் வைத்து வரைபடம் போட்டால் துறை தேய்ந்துவருவதுபோலத் தெரியும்; வேலை என்னவோ வேறு பெயரில் நடந்துகொண்டிருக்கும். ‘ஆன்டாலஜி’ என்று தேடினாலோ தத்துவக் கட்டுரைகள் வந்து குவியும். அவற்றை விலக்குவது எளிது. 2000-இல் ‘நேச்சர் ஜெனடிக்ஸ்’ இதழில் வந்த, மரபணுக்களின் செயல்பாடுகளை விவரிக்கும் சொற்களைத் தொகுத்த ஜீன் ஆன்டாலஜி கட்டுரையை என்ன செய்வது? அது உயிரியலாளர்கள் தங்கள் தேவைக்காகத் தொடங்கியது. பின்னாளில் ஓடபிள்யூஎல் வடிவிலும் கிடைத்தது. உயிரியலில் அதைச் சுட்டுவோர் ஏராளம். பட்டியலில் சேர்த்தால் மற்றவை எல்லாம் அதன் நிழலில் மறைந்துபோகும். விட்டால் ஆன்டாலஜியின் மாபெரும் வெற்றியை விட்டதாகும். தனிப் பட்டியலாக வைத்து, ஏன் தனியாக வைத்தோம் என்பதை அறிக்கையில் விளக்கமாக எழுதினோம். எல்லை வகுப்பது மதிப்பீட்டின் பாதி என்பது என் எண்ணம். அதை அடிக்குறிப்பில் ஒளித்துவைப்பது சரியல்ல.

அடுத்து, பதிவுகளைத் துப்புரவு செய்யும் வேலை. மேலே சொன்ன 2001-ஆம் ஆண்டுக் கட்டுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். சுட்டுகிறவர்கள் சிலர் பக்கம் 34 முதல் 43 வரை என்று எழுதுகிறார்கள். சிலர் 28 முதல் 37 வரை என்கிறார்கள். மாத இதழான அதற்கு மே 17 என்று நாளும் குறிப்பவர்கள் இருக்கிறார்கள். முதல் ஆசிரியரின் பெயர் ஓரிடத்தில் ‘பெர்னர்ஸ்-லீ’ என்றும், வேறோரிடத்தில் இடைக்கோடு இல்லாமலும், இன்னோரிடத்தில் வெறும் ‘லீ’ என்றும் இருக்கும். கட்டுரையின் டிஓஐ எண், அதாவது இணையத்தில் அதற்கென உள்ள நிலையான அடையாள எண், தொடக்கப் பக்கமான 34 என்றுதான் முடிகிறது; ஆகவே எந்தப் பக்கம் சரி என்பதில் குழப்பம் வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் பிழையாக எழுதியதை அடுத்தவர் மூலத்தைத் திறந்து பாராமல் எடுத்தெழுதும்போது அந்தப் பிழை தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. எண்ணும் நிரலுக்கு இவை வெவ்வேறு கட்டுரைகள். கையால் ஒன்றுசேர்த்தால்தான் உண்மையான எண் வரும். இத்தனைக்கும் அது பொது வாசகர்களுக்கான அறிவியல் இதழில் வந்தது. ஆய்விதழ்களை மட்டும் கணக்கில் எடுக்கும் தேடலில் துறையின் தொடக்கக் கட்டுரையே விழாது.

துறையை நடத்திச் செல்லும் எழுத்துகளில் இன்னும் சில எந்தப் படிவத்துக்கும் அடங்காதவை. லிங்க்டு டேட்டாவுக்கான நான்கு விதிகளை பெர்னர்ஸ்-லீ 2006-இல் ஒரு வலைப்பக்கக் குறிப்பாகத்தான் எழுதினார். கன்சார்டியத்தின் பரிந்துரைகளைச் சிலர் நிறுவனத்தின் பெயரில் சுட்டுகிறார்கள், சிலர் பதிப்பாசிரியர்களின் பெயரில். பலர் அடிக்குறிப்பில் முகவரியை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பயிலரங்கக் கட்டுரைகள் பெருமளவில் வெளியாகும் சியுர் தொகுப்புகளில் டிஓஐ எண் இல்லாமலே நெடுங்காலம் கட்டுரைகள் வந்தன. டிஓஐ-யை வைத்து இணைக்கும் தரவுத்தளத்தில் அவற்றுக்கு இடம் இல்லை. ஒரே ஆக்கம் பல கட்டுரைகளாகப் பிரிவதும் உண்டு: விக்கிப்பீடியாவிலிருந்து தரவைப் பிரித்தெடுக்கும் டிபிபீடியா பற்றி 2007-இல் மாநாட்டுக் கட்டுரை வந்தது, 2009-இலும் 2015-இலும் ஆய்விதழ்க் கட்டுரைகள் வந்தன. அந்தத் தரவைப் பயன்படுத்தும் ஒருவர் மூன்றில் எதைச் சுட்டினாலும் பொருள் ஒன்றுதான்.

இவ்வளவையும் சரிசெய்து முடித்த பிறகும் கையில் இருந்தது பெயரில்லாத இணைப்புகளின் கூட்டல்தான். எனவே மேற்கோள் இடம்பெற்ற வாக்கியங்களைப் படிப்பது என்று முடிவெடுத்தோம். இதற்கான சொற்களை இதே துறை உருவாக்கி வைத்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. டேவிட் ஷாட்டன் 2010-இல் வெளியிட்ட சைட்டோ என்ற ஆன்டாலஜி, மேற்கோள் ஏன் காட்டப்படுகிறது என்பதற்குப் பயனிலைகளைப் பட்டியலிடுகிறது: முறையைக் கையாள்கிறது, விரித்துச் செல்கிறது, சான்றாகக் கொள்கிறது, உடன்படுகிறது, மறுக்கிறது என்று. அதிலிருந்து எங்களுக்கு வேண்டிய சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

குழுவில் இருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் இந்த ஏற்பாட்டைக் கேட்டுப் பொறுமையிழந்தார். “ஒவ்வொருவருக்கும் எச்-குறியீடு என்ன என்று ஒரு பத்தி போட்டுவிடுங்கள், போதும்” என்றார்.

“போட்டுவிடுகிறேன் சார். ஆனால் உங்கள் மாணவர் உறவுக்குப் பெயரே வைக்காமல் ஓர் ஆன்டாலஜியைக் கொண்டுவந்தால் ஏற்றுக்கொள்வீர்களா?” என்று கேட்டேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தார். “மாட்டேன். சரி, அந்த வாக்கியங்களையே காட்டுங்கள்” என்றார்.

காட்டினோம். அதிகமாகச் சுட்டப்பட்ட கட்டுரைகளுக்கான மேற்கோள்கள் பெரும்பாலும் முன்னுரையின் முதல் பத்தியில் இருந்தன. ‘செமாண்டிக் வெப் அண்மையில் பெரும் கவனம் பெற்றுள்ளது’ என்ற பாணியில் ஒரு வாக்கியம், அதன் வாலில் நான்கைந்து எண்கள் ஒரே அடைப்புக்குள். அந்த எண்களை மாற்றிப் போட்டாலும் வாக்கியத்துக்கு ஒன்றும் ஆகாது. இன்னொரு பக்கம், இரண்டு ஆன்டாலஜிகளில் உள்ள கருத்துகளைப் பொருத்துவது பற்றிய ஓர் எளிய கட்டுரை. மேற்கோள் குறைவு, பட்டியலில் வெகு கீழே கிடந்தது. அதைச் சுட்டிய வாக்கியங்களோ அநேகமாக எல்லாமே முறை விளக்கும் பகுதியில் இருந்தன: அதன் படிமுறையை எடுத்துக்கொண்டோம், அதன் சோதனைத் தரவில் எங்கள் கருவியை ஓட்டினோம், அதில் இந்தப் படியை மாற்றினோம். பிறருடைய வேலை அந்தக் கட்டுரையின் மேல் நின்றுகொண்டிருந்தது. எண் சொல்லாத செய்தி இது. அந்தக் கட்டுரையை எழுதியவரே இந்தப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் தன் வேலை எங்கெல்லாம் போயிருக்கிறது என்று அறிந்துகொண்டார்.

மேற்கோளே இல்லாத தாக்கமும் உண்டு. அதை வாக்கியம் படித்தும் பிடிக்க முடியாது. ஒரு கருத்து எல்லோருக்கும் பொதுச்சொத்து ஆகிவிட்டால் அதை முதலில் சொன்னவரை யாரும் சுட்டுவதில்லை. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதை விரிவாகப் பேசியிருக்கிறார். ஆர்டிஎஃப் வடிவில் தரவை வெளியிடும் ஆய்வாளர் 1999-ஆம் ஆண்டுப் பரிந்துரையை மேற்கோள் காட்டுவார் என்று எதிர்பார்க்க முடியுமா? 2011-இல் தேடுபொறி நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய, பக்கத்தின் பொருளைத் தேடுபொறிக்குச் சொல்லும் ஸ்கீமா.ஆர்க் சொற்களைத் தம் பக்கங்களில் பதிப்பவர்கள் கட்டுரை எழுதுவதே இல்லை. 2012-இல் தொடங்கிய திறந்த தரவுத்தளமான விக்கித்தரவை அன்றாடம் வினவுகிறவர்களும் அப்படியே. இந்தத் தாக்கத்துக்கு எண் கொடுக்க நாங்கள் முயலவில்லை. எந்தச் சொற்றொகுதி எங்கே புழக்கத்தில் இருக்கிறது, எந்த நிரல் தொகுப்பு எந்தக் கட்டுரையிலிருந்து பிறந்தது என்று உரைநடையில் எழுதினோம். அறிக்கையில் குழு அதிக நேரம் செலவிட்ட பகுதி அதுதான். எண்கள் நிபுணர்களின் மதிப்பீட்டுக்குத் துணையாக நிற்க வேண்டும், அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று 2015-இல் வெளியான லெய்டன் அறிக்கை கூறுகிறது. அது எவ்வளவு நடைமுறை சார்ந்த அறிவுரை என்பது அந்தக் கூட்டத்தில் எனக்குத் தெளிவாயிற்று.

வாக்கியம் படிப்பது மெதுவான வேலை என்ற குறை நியாயமானது. ஆகவே எல்லாக் கட்டுரைக்கும் அதைச் செய்வதில்லை. பெரும் எண் உடையவற்றிலிருந்தும் சிறிய எண் உடையவற்றிலிருந்தும் மாதிரி எடுத்துப் படிக்கிறோம். இணைப்புகளைத் திரட்டும் பாடு முன்பைவிடக் குறைந்திருக்கிறது. மேற்கோள் பட்டியல்களைத் திறந்த தரவாக்கும்படி பதிப்பகங்களைக் கேட்டு 2017-இல் ஓர் இயக்கம் தொடங்கியது. ஓப்பன்சைட்டேஷன்ஸ் அமைப்பு மேற்கோள்களை ஆர்டிஎஃப் வடிவிலேயே தருகிறது. ஸ்பார்க்கிளில் ஒரு வினா எழுதினால் யார் யாரைச் சுட்டினார்கள் என்று வந்துவிடும். உறவுக்குப் பெயரிடும் வேலையில் நிரல்களும் உதவுகின்றன. ‘பயன்படுத்தினோம்’ என்பதை அவை நன்றாகவே கண்டுகொள்கின்றன.

மறுப்பைக் கண்டுகொள்வதில்தான் இன்னும் தடுமாற்றம். ஆய்வாளர்கள் வெளிப்படையாக மறுப்பது அபூர்வம். ‘இந்த அணுகுமுறை நேர்த்தியானது, எனினும் பெரிய தரவுத்தொகுதிகளில் இதன் செயல்திறன் மேலும் ஆராயப்பட வேண்டியது’ என்று எழுதுவார்கள். நிரல் இதைப் பாராட்டு என்று குறித்துவிடும். துறைக்குள் இருப்பவருக்கு அது இயங்காது என்று சொல்வதாகப் புரியும். இத்தகைய வாக்கியங்களை நாங்கள் தனியாக ஒதுக்கி, அந்தப் பிரிவில் வேலை செய்யும் இருவரிடம் தனித்தனியாகக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறோம். இருவரும் வேறுபட்டால், உறவுக்கு அவர்கள் தந்த இரண்டு பெயர்களையும் பதிவில் வைத்துக்கொள்கிறோம்.