டைனமோவில் பதிந்த பாட்டுகள்

வவுனியாவில் பெரியம்மா வீட்டு அலுமாரிக்கு மேல் ஒரு பெரிய பால்மா டின். அதற்குள் பதினொரு கசற். 2006 இல் யாழ்ப்பாணம்-கண்டி ஏ9 பாதை மூடப்படுவதற்கு முந்தின சித்திரையில் அம்மா கொண்டுபோய் வைத்தவை. கிளிநொச்சி வீட்டில் விட்டவற்றில் ஒன்றுகூட 2009 இல் யுத்தம் முடிந்தபிறகு எங்கள் கையில் இல்லை. அதனால் இந்தப் பதினொன்றையும் எப்படியாவது கணினிக்கு மாற்றிவிட வேண்டும் என்று மூன்று வாரமாக இருக்கிறேன். இதுவரை நான்கு முடிந்திருக்கின்றன.

முதல் வாரம் முழுக்க கசற் போடுகிற செற்றோடுதான் போனது. திருத்தவேலை செய்யும் ஒருவரிடம் பழைய செற் ஒன்று வாங்கித் திறந்தால், உள்ளே பெல்ற் உருகித் தார் மாதிரிப் பிடித்துக் கிடந்தது. ஸ்பிரிற்றில் பஞ்சை நனைத்து ஒரு பின்னேரம் முழுக்கத் துடைத்தேன். புது பெல்ற் கொழும்பில் இருந்து வந்தது. நாடாவில் பதிந்ததைப் படிக்கிற ஹெட்டைத் துடைத்த பஞ்சு மண்ணிறமாகிவிட்டது. ஆனாலும் பாட்டு போர்வைக்குள்ளே இருந்து கேட்பதுபோல அமுங்கித்தான் வந்தது. ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். பாட்டு ஓட ஓட அதைக் கால் சுற்று திருப்பினேன். தாளச் சத்தம் பளிச்சென்று வெளியே வந்தது. இதைச் செய்யப்போகிறவர்கள் அந்தத் திருகாணியை மறக்கவேண்டாம். ஒவ்வொரு கசற்றுக்கும் அது கொஞ்சம் கொஞ்சம் மாறும்.

இரண்டு கசற்றில் பூஞ்சணம். ஒன்றில் நாடாவை ஹெட்டோடு அழுத்துகிற பஞ்சுத்துண்டு விழுந்துவிட்டது. வேறொரு வெறும் கசற்றில் இருந்து எடுத்து ஒட்டினேன். அவ்வளவுதான்.

சொல்லவேண்டியது ‘மல்லாவி 97’ என்று அண்ணாவின் கையெழுத்து உள்ள கசற்றைப் பற்றி.

அந்தக் காலம் வன்னியில் கரண்ட் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் வராது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவை ரயரோடு அழுத்திவிட்டு, பெடலைக் கையால் சுற்றிச் சுற்றித்தான் பாட்டுக் கேட்டோம். டைனமோ தருவது 6 வோல்ற் மாறுமின்னோட்டம். நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் போட்டு அதை நேராக்கினால், நாலு பற்றரி போடுகிற றேடியோ செற் ஓடும். அண்ணா அதே செற்றில் திருச்சி வானொலியில் போன பாட்டுகளைப் பதிந்தும் வைத்தார்.

இப்போது போட்டுக் கேட்டால், முதல் சரணம்வரை ஒழுங்காகப் பாடுகிற சுவர்ணலதா, கடைசிச் சரணத்தில் மெல்ல மெல்லச் சின்னப் பிள்ளைக் குரலாகிறார். நாடா பழுதென்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. பெடல் மெதுவானால் கரண்ட் குறையும், மோட்டர் இழுபடும், நாடா மெதுவாக ஓடும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில், நொடிக்கு 4.76 சென்ரிமீற்றரில், ஓட்டினால் குரல் ஏறிப்போகும். சுற்றிய கை களைத்த இடம் நாடாவிலேயே பதிந்து கிடக்கிறது.

அந்தப் பாட்டு ‘கருத்தம்மா’ படத்தில் சுவர்ணலதாவுக்கு 1994 ஆம் ஆண்டுத் தேசிய விருது பெற்றுத் தந்த பாட்டு. 2010 இல், 37 வயதில் அவர் போய்விட்டார். என் காதுக்கு அவருக்கு மேல் ஒரு பாடகி இல்லை. ரஹ்மானின் வேகப் பாட்டுகள் பல எங்கள் சின்ன ஸ்பீக்கரில் வெறும் ‘டப் டப்’ என்றுதான் கேட்டன. நல்ல ஹெட்போனில் கேட்டபிறகுதான் அவற்றின் அருமை தெரிந்தது. எஸ்பிபி எந்தப் பெட்டியிலும் எஸ்பிபிதான். ஆனால் சுவர்ணலதாவின் குரல் டைனமோ இரைச்சலுக்கு நடுவிலும் பக்கத்தில் இருந்து பாடுவதுபோலவே வந்தது.

இன்னொன்றில் ‘திருவிளையாடல்’ வசனம், ஒரு பக்கம் முழுக்க. படத்தைப் பார்க்கும் முன்னமே தருமி எங்களுக்கு மனப்பாடம். நாகேஷின் முகம் தெரியாமலே அவருடைய புலம்பலுக்குச் சிரித்திருக்கிறோம். குரலால் மட்டும் அப்படி நடிக்க அவருக்குப் பிறகு யாரும் வரவில்லை என்றே நினைக்கிறேன்.

சரி, குரல் ஏறிய இடத்தைத் திருத்தலாமா என்று பார்த்தேன். ஒடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் கடைசிச் சரணத்தை மட்டும் வெட்டி, வேகத்தை 6 சதவீதம் குறைத்தேன். சுருதி ஏறத்தாழச் சரியாக வந்தது. திருத்தியது, திருத்தாதது இரண்டையும் பிரான்சில் இருக்கும் அண்ணாவுக்கு அனுப்பிவிட்டு இரவு கதைத்தேன்.

“அண்ணா, நீ களைச்ச இடம் கேக்குதே?”

“அது நானில்லையடா. கை நோகுதெண்டு கடைசியில உன்னட்டைத் தந்தனான். நீ ரெண்டு கையாலயும் பிடிச்சுச் சுத்தினாய்.”

எனக்கு அப்போது எட்டு வயது. கொஞ்சம்கூட ஞாபகம் இல்லை.

திருத்தியதைத் தனிக் கோப்பில் போட்டுவிட்டு, திருத்தாததை அப்படியே இன்னொரு டிஸ்கிலும் ஏற்றி வைத்தேன். இரைச்சல் நீக்கும் வேலையை இந்தக் கசற்றில் செய்யப்போவதில்லை. ஐந்தாவது கசற்றில் பூஞ்சணம் அதிகம். ஞாயிறு வெயிலில் திண்ணையில் வைத்துத் திறக்கவேண்டும்.