கடைசி ஒரு சாண்

கொல்லையில் தேங்காய் மட்டை அடுக்கி வைத்திருக்கும் மூலையில் போன வாரம் ஒரு எலி புகுந்துகொண்டது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு எங்கள் பூனை கருப்பி அதற்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். நான் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தால் அதே இடம், அதே இருப்பு, காது மட்டும் அப்படியும் இப்படியும் திரும்பிக்கொண்டிருந்தது. வேட்டை என்றதும் நமக்குப் பாய்ச்சல்தான் ஞாபகம் வரும், ஆனால் பூனையின் வேட்டையில் முக்கால்வாசி இந்தக் காத்திருப்புதான்.

அந்தக் காது சும்மா திரும்பவில்லை. நமக்கு 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், பூனைக்கு 60-ஐயும் தாண்டிக் கேட்கும். எலிகள் தங்களுக்குள் போடும் கீச்சொலிகளில் பலவும் நம் காதுக்கு எட்டாத அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. எனக்கு நிசப்தமாக இருந்த மட்டைக் குவியலில் எலி எந்த இடுக்கில் இருக்கிறது என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

எனக்குத் தீராத ஆச்சரியம் பாய்ந்த பிறகு நடப்பதுதான். தூரத்தில் ஒரு இலை அசைந்தாலும் கண்டுபிடிக்கிற பூனைக்கு, மூக்குக்கு முன்னால் ஒரு சாண் தூரத்துக்குள் வந்த பொருள் மங்கலாகத்தான் தெரியும். எலி வாய்க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் கண்ணை நம்ப முடியாது. அந்தக் கணத்தில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த மீசை மயிர்கள் முன்னால் வளைந்து இரையைத் தொட்டுத் தடவி, தலை எந்தப் பக்கம், பிடரி எங்கே என்று சொல்லிவிடுகின்றன. கோரைப்பல் பிடரி எலும்புகளுக்கு நடுவே இறங்கித் தண்டுவடத்தை அறுக்கிறது. சரியாக இறங்கினால் எலிக்குத் துடிக்கக்கூட நேரம் கிடைக்காது.

சரியாக இறங்காதபோதுதான் நாம் பார்க்கச் சகிக்காத அந்த விளையாட்டு. முன்பு ஒருமுறை பெருச்சாளி அளவுக்கு ஒன்றைத் தட்டித் தட்டி விட்டுக்கொண்டிருந்தாள். "கொல்றதுன்னா கொன்னுடுடி, ஏன் இப்படிப் போட்டு வதைக்கிற" என்று அம்மா கத்தினார். அதைக் கொடுமை என்று என்னால் சொல்ல முடியவில்லை. எலியின் பல் கூர்மையானது, பூனை கடிக்கப் போகும்போது அதன் கண்ணும் முகமும்தான் அந்தப் பல்லுக்கு நேரே நிற்கும். களைத்துப் போகும்வரை தட்டிவிட்டு அப்புறம் கடிப்பதுதான் அதற்குப் பத்திரம். இரை பெரிதானால் கொல்லத் தயங்கும், பசி கூடினால் தயக்கம் குறையும்.

எல்லா வேட்டையும் இப்படி உட்கார்ந்து நடப்பதில்லை. முதுமலைக் காட்டுச் செந்நாய்களுக்கு ஒளிந்திருக்கும் பழக்கம் குறைவு. கூட்டமாகத் துரத்தி மானை ஓயவைத்து, விசில் அடிப்பதுபோல் ஒரு ஒலியால் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளும். கூகை என்கிற ஆந்தைக்கு ஒரு காது மேலே, ஒரு காது கொஞ்சம் கீழே இருக்கிறது. சத்தம் இரண்டு காதிலும் விழுவதில் இருக்கும் வித்தியாசத்தை வைத்தே கும்மிருட்டில் எலி இருக்கும் இடத்தில் சரியாக இறங்கிவிடும். புலி பாயும் தடவைகளில் பெரும்பாலானவை வீணாகத்தான் போகின்றன, ஆனால் நம் வயல்வெளித் தட்டான் நூறு தடவை பாய்ந்தால் தொண்ணூறுக்கு மேல் பிடித்துவிடுகிறது. அது கொசுவின் பின்னால் ஓடுவதில்லை, கொசு அடுத்து எங்கே இருக்கப் போகிறதோ அந்த இடத்துக்குப் பறக்கிறது. இவ்வளவு சின்னத் தலைக்குள் அந்தக் கணக்கு நடக்கிறது என்று நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும்.

பத்தரை மணி இருக்கும், எலி மூக்கை நீட்டியது, கருப்பி பாய்ந்தாள், மட்டை ஒன்று சரிந்து அது தப்பித்து உள்ளே போய்விட்டது. அவள் ஒரு நிமிஷம் முன்னங்காலை நக்கிவிட்டுப் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தாள். நமக்கு வேண்டிய வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு இருந்தாலே பூனைக்குப் போதும். கொல்லை பல்பை அணைத்துவிட்டு நான் உள்ளே வந்துவிட்டேன்.