பணகுடிக் காற்றும் ஒரு கேவார் மீட்டரும்

1990களின் நடுவில், ஆனி மாதத்துப் பிற்பகல் ஒன்றில், பணகுடிப் பக்கத்துத் துணைமின் நிலையம் ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில் நின்றிருந்தேன். வெளியே பனையோலைகள் சடசடக்க, காற்றாலைகள் அனைத்தும் சுழன்றுகொண்டிருந்தன. உள்ளேயோ 11 கேவி (கிலோவோல்ட்) லைனின் வோல்ட்மீட்டர் முள் 10க்குக் கீழே இறங்கியிருந்தது. "இவ்வளவு உற்பத்தி இருந்தும் வோல்டேஜ் ஏன் சார் விழுகிறது?" என்று பணியிலிருந்த உதவிப் பொறியாளர் கேட்டார். மின்பொறியியல் ஆசிரியனான என்னிடம் அதற்குக் காரணம் இருந்தது, தீர்வு இல்லை.

அக்காலக் காற்றாலைகளில் பெரும்பாலானவை மின்கட்டமைப்போடு (கிரிட்) நேரடியாக இணைந்த இண்டக்‌ஷன் ஜெனரேட்டர்கள். தனக்கு வேண்டிய காந்தப்புலத்துக்கான ரியாக்டிவ் பவரை இவ்வகை இயந்திரம் தானே உண்டாக்காது. ஒரு கையால் யூனிட்டைக் கொடுத்து, மறு கையால் கேவாரை, அதாவது அந்த ரியாக்டிவ் பவரை அளக்கும் அலகை, வாங்கிக்கொள்ளும். அது லைன் வழியே இழுபடும்போது மின்னழுத்தம் இறங்கும். நீண்ட கிராமத்து லைன்களும், ரியாக்டிவ் பவரை அங்கேயே தரும் கண்டன்சர் இல்லாத கிணற்று மோட்டார்களும் சேர்ந்தால் மின்னழுத்தம் விழாமல் என்ன செய்யும்? ஆலைகளிலும் கண்டன்சர்கள் இருந்தன. ஆனால் எரிந்துபோனவற்றை மாற்றுவாரில்லை. கணக்கிடப்பட்டது யூனிட் மட்டுமே. போதாக்குறைக்கு, முதலீடு முழுவதையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் காட்டும் வருமானவரிச் சலுகை அன்று இருந்ததால், ஆலையை நட்டதுமே பலருக்குப் பாதி லாபம் கைக்கு வந்துவிட்டது.

இதைப்பற்றி நான் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து எவரும் ஒரு கண்டன்சரையும் மாற்றவில்லை. பின்னர் ஆலை இழுக்கும் ரியாக்டிவ் பவருக்கும் கட்டணம் உண்டு, உற்பத்தியில் 10 சதவீதத்தைத் தாண்டினால் இன்னும் கூடுதல் என்ற நிலை வந்ததும், உரிமையாளர்களே எங்கள் ஆய்வகத்துக்கு வந்து எத்தனை கேவார் பொருத்தலாம் என்று கேட்டார்கள். என் பாதை அங்குதான் திரும்பியது. "வாத்தியாருக்கு எதுக்குய்யா இந்தக் கட்டணப் பஞ்சாயத்து?" என்றார் அன்றைய துறைத்தலைவர். 2003 மின்சாரச் சட்டத்துக்குப் பிந்தைய மின்கட்டணக் கருத்துக்கேட்புக் கூட்டங்களில், யூனிட் தரும் திறனுக்கும் ரியாக்டிவ் பவருக்கும் உள்ள உறவைக் காட்டும் பவர் முக்கோணத்தை வரைந்து காட்டிய என்னைவிட, ரூபாயில் பேசிய பட்டயக் கணக்கர்களே எடுபட்டார்கள். நானும் ரூபாயில் பேசக் கற்றேன்.

எனினும் ஒன்றில் சறுக்கினேன். காற்றுக் காலத்தில் செலுத்திய யூனிட்டை வரவு வைத்து, வேறு மாதத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளும் 'பேங்கிங்' முறையை நான் முழுமனதாக ஆதரித்தேன். மின்வாரியம் மின்சாரத்தைப் பரணில் எடுத்து வைப்பதில்லை. ஆடியில் தேவைக்கு மிஞ்சி வந்த யூனிட்டுக்குப் பதிலாக, மாசியில் அதிக விலைக்கு வாங்கித்தான் கொடுத்தது. 2013 டிசம்பர் 31இல் தென்மண்டலக் கட்டமைப்பு நாட்டின் ஏனைய பகுதியோடு இணைந்த பிறகு, மிஞ்சியதை வடக்கே அனுப்பும் வழி விரிந்தது. ஆனாலும் அந்த விலை வேறுபாடு மறையவில்லை. கேவாரைக் கணக்கில் சேர்க்கப் போராடிய நானே மாதத்தைக் கணக்கில் சேர்க்க மறந்திருந்தேன். அடுத்த கருத்துரையில் என் நிலைப்பாட்டை மாற்றி எழுதிக் கொடுத்தேன். முன்பு என் வாதத்தைப் படியெடுத்து ஊரெல்லாம் கொடுத்த வள்ளியூர் ஆலை உரிமையாளர் ஒருவர், கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால் இன்றும் வேறு பந்திக்குப் போய்விடுகிறார்.