மோட்டார் நாங்குநேரியில், மகன் பெங்களூரில்

பாளையங்கோட்டையில் என் அண்ணன் மோட்டார் வைண்டிங் பட்டறை நடத்துகிறான். கணக்கு, போன், இணையதளம் மூன்றும் என் பொறுப்பு. போர்வெல் மோட்டாரைத் தூக்குவது, எரிந்த காயிலை வெட்டி எடுத்துப் புதிதாகக் கட்டுவது, ஸ்டார்ட்டர் பழுது பார்ப்பது, இதுதான் எங்கள் தொழில். இந்த மாதிரிச் சின்னத் தொழிலுக்கு இணையதளம் எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. “நல்லா வேலை செஞ்சா ஊரே சொல்லும்லா” என்பார்கள். ஊர் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் ஊர்க்காரர்களில் நிறையப் பேர் இப்போது ஊரில் இல்லையே.

போனை எடுத்து எடுத்துத்தான் இது எனக்குப் புரிந்தது. நாங்குநேரி, களக்காடு, திசையன்விளைப் பக்கம் மோட்டார் நின்றுவிட்டது என்று வரும் அழைப்புகளில் கணிசமானவை சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகின்றன. சில சமயம் துபாயிலிருந்தும் வரும். வீட்டில் அம்மா அப்பா மட்டும் இருப்பார்கள். வழக்கமாக வரும் மெக்கானிக் போனை எடுத்திருக்க மாட்டார். அம்மா மகனிடம் சொல்ல, மகன் ஆபீஸில் இருந்தபடியே கூகுளில் தேடுகிறார். தேடுகிறவர் பெங்களூரில் இருக்கிறார், மோட்டாருக்குப் பக்கத்தில் நிற்பவர் நாங்குநேரியில் இருக்கிறார். காசு அனுப்பப் போவது மகன், கூட நின்று வேலையைப் பார்க்கப் போவது அப்பா. இந்த இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எங்கள் தளத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் எழுதுகிறேன்.

மகனுக்கு மோட்டாரைப் பற்றிய கவலை இரண்டாவதுதான். முன்பின் தெரியாத ஆட்கள் போய் வயதானவர்களை ஏமாற்றிவிடக் கூடாதே என்பதுதான் முதல் கவலை. நியாயமான கவலை அது. “இருபது ஆண்டு அனுபவம், தரமான சேவை” என்று எழுதினால் அந்தக் கவலை தீராது, எல்லாரும் அதைத்தானே எழுதுகிறார்கள். அதனால் எங்கள் தளத்தில் ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கம் நாலு வரிதான். வேலை எப்படி நடக்கும் என்ற பக்கம் நீளமானது. யார் வருவார், பார்க்க மட்டும் எவ்வளவு, மோட்டாரை மேலே தூக்க வேண்டியிருந்தால் தனியாக எவ்வளவு, என்னென்ன போட்டோ அனுப்புவோம், எல்லாம் அதில் இருக்கிறது. எரிந்த காயிலைக் கழற்றியதும் ஒரு படம். பழைய செம்புக் கம்பியைத் தராசில் வைத்து எடை தெரிகிற மாதிரி ஒரு படம். புதுக் காயில் கட்டி முடித்ததும் ஒரு படம். பழைய கம்பி அவர்களுடையது, வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் அதன் விலையைக் கூலியில் கழித்துவிடுவோம் என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுக் கூப்பிட்டேன் என்று சொன்னவர்கள் உண்டு.

விலையை வெளியே போடலாமா என்பதில் எங்களுக்குள்ளேயே பேச்சு ஓடியது. வைண்டிங் கூலி குதிரைத்திறனை மட்டும் பொறுத்ததில்லை, எத்தனை கிலோ கம்பி போகிறது என்பதையும் பொறுத்தது. செம்பு விலையோ ஒரு நிலையில் நிற்பதில்லை. அதற்காக ஒன்றும் போடாமல் விட்டால், கேட்கக் கூச்சப்படுகிறவர் கூப்பிடாமலே போய்விடுவார். குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு, இது இன்ன தேதி நிலவரம் என்று தேதியோடு போடுகிறோம். தேதி பழசாகிவிட்டால் உடனே மாற்றுவது என் வேலை. பழைய தேதியைப் பார்க்கிறவருக்குக் கடையே மூடிவிட்டதோ என்று தோன்றும்.

அப்புறம் வலைப்பதிவு. அதில் எதை எழுதுவது என்று நான் தேடி அலைவதே இல்லை. போனில் மறுபடி மறுபடி கேட்கிற கேள்வி எதுவோ, அதுதான் அடுத்த பதிவின் தலைப்பு. “மோட்டார் உறுமுது, சுத்த மாட்டேங்கு.” “ஓடுது, தண்ணி மட்டும் வர மாட்டேங்கு.” “பச்சை பட்டனை அமுக்கினா ஸ்டார்ட்டர் பிடிச்சு நிக்க மாட்டேங்கு, கையை எடுத்ததும் விட்டுருது.” மோட்டார் மக்கர் பண்ணும்போது யாரும் வைண்டிங் கடை என்று தேடுவதில்லை, கண்ணால் கண்ட கோளாறைத்தான் தட்டச்சு செய்கிறார்கள். அதுவும் பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள், சிலர் மைக்கை அழுத்திப் பேசியே தேடுகிறார்கள். எந்தெந்தச் சொல்லைத் தேடி நம் பக்கத்துக்கு வந்தார்கள் என்பதைக் கூகுள் சர்ச் கன்சோல் இலவசமாகக் காட்டும். வாரம் ஒருமுறை அதைத் திறந்து பார்ப்பது போதும், பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்.

உறுமுகிற மோட்டாரைப் பற்றிய பதிவில் இப்படி எழுதியிருக்கிறேன்: வீட்டு சிங்கிள் பேஸ் மோட்டார் உறுமிக்கொண்டே நின்றால் உடனே சுவிட்சை அணையுங்கள், அப்படியே விட்டால் காயில் சூடேறிக் கருகிவிடும். பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கெபாசிட்டர் பலவீனமாகியிருக்கும், அல்லது பம்பு மண்ணில் இறுகியிருக்கும், அல்லது வோல்டேஜ் குறைவாக இருக்கும். கெபாசிட்டர் போயிருந்தால் செலவு சின்னது. ஆனால் கரண்டை நிறுத்திய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், பழக்கமில்லாதவர் கை வைக்கக் கூடாது.

இதைப் படித்துவிட்டு எங்கள் மெக்கானிக் தம்பி கேட்டான்: “எல்லாத்தையும் எழுதிப் போட்டுட்டா நமக்கு என்னக்கா வேலை?” பலருக்கும் இந்தப் பயம் இருக்கிறது. என் அனுபவத்தில் அது நடக்கவில்லை. கெபாசிட்டர் மாற்றத் தெரிந்தவர் எப்படியும் நம்மைக் கூப்பிட மாட்டார். தெரியாதவர் படித்துவிட்டுக் கூப்பிடுகிறார். கூப்பிடும்போதே உறுமுதா, சத்தமே இல்லையா, பியூஸ் போகுதா என்று தெளிவாகச் சொல்கிறார். திசையன்விளைக்கு ஒருமுறை போய்வர அரை நாள் ஆகிவிடும். என்ன சாமான் எடுத்துப் போக வேண்டும் என்று கிளம்பும்போதே தெரிந்தால் ஒரு நடை மிச்சம், டீசல் மிச்சம், அந்த வீட்டில் தண்ணீரும் அன்றைக்கே வந்துவிடும்.

சில பதிவுகள் வருமானத்தைக் குறைக்கும் என்று தெரிந்தே எழுதியவை. மூன்று பேஸ் மோட்டாரில், கரண்ட் அளவுக்கு மீறி இழுத்தால் மோட்டாரை நிறுத்திவிடுகிற ஓவர்லோடு ரிலே அடிக்கடி ட்ரிப் ஆனால், நிறையப் பேர் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் ரிலேயின் ஆம்பியரைக் கூட்டி வைத்துவிட்டு ஓட்டுகிறார்கள். ட்ரிப் ஆவது நிற்கும், சில நாளில் காயில் எரியும். எங்கள் பட்டறைக்கு வரும் வேலையில் ஒரு பங்கு இதனால் வருவதுதான். இருந்தும், ரிலேயைத் தொடாதீர்கள், மூன்று பேஸில் ஒன்று வராமல் விட்டுப் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்று எழுதினோம். ஒரு விவசாயியின் மோட்டார் பிசான நெற்பருவத்தின் நடுவில் எரிந்து எங்களுக்குக் கூலி வருவதைவிட, எரியாமல் இருப்பதுதான் எனக்கு நிம்மதி. அப்படி நினைக்கிற கடை என்று தெரிந்துதான் ஆட்கள் வருகிறார்கள் என்றும் நம்புகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கம் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி கரை தாண்டி ஓடியது. தண்ணீர் வடிந்ததும் ஜனங்கள் முதலில் செய்யப் போவது வீட்டு மோட்டாரைப் போட்டுப் பார்ப்பதுதான் என்று அண்ணன் சொன்னான். சிக்னல் வந்ததும் சின்னதாக ஒரு பதிவு போட்டேன்: தண்ணீரில் மூழ்கிய மோட்டாருக்குச் சுவிட்ச் போடாதீர்கள். இணைப்பைக் கழற்றுங்கள். திறந்து, சேற்றை நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்கக் காயவைத்து, மெக்கர் (காயிலில் மின்கசிவு இருக்கிறதா என்று பார்க்கிற கருவி) வைத்துச் சோதித்த பிறகே கரண்ட் கொடுக்க வேண்டும். அருகில் எந்த எலக்ட்ரீசியன் இருந்தாலும் அவரிடம் காட்டுங்கள், எங்களிடம்தான் வர வேண்டும் என்றில்லை. அந்தப் பதிவு வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போனது. அதில் எங்கள் போன் நம்பர் கடைசி வரியில்தான் இருந்தது. காயவைத்ததுமே ஓடிவிட்ட மோட்டார்களுக்கு நாங்கள் காசு ஒன்றும் வாங்கவில்லை, ஆனால் அந்த வீடுகளில் எங்கள் நம்பர் பதிவாகிவிட்டது.

பருவத்தையும் பார்த்து எழுத வேண்டும். கார், பிசானம் என்று இரண்டு பருவமாக ஆற்றுப் பாசனத்தில் பயிர் செய்கிறவர்களின் தேவை வேறு, ராதாபுரம் பக்கம் போர்வெல்லை நம்பி இருப்பவர்களின் தேவை வேறு. கோடையில் தண்ணீர் மட்டம் இறங்கி மோட்டார் காலியாக ஓடுவதைப் பற்றிய பதிவை ஏப்ரலில் எழுதினால் நேரம் கடந்துவிடும். தேடலில் ஒரு பக்கம் மேலே வரக் கொஞ்ச காலம் பிடிக்கும் என்பதால் தைப்பொங்கல் கழிந்ததுமே எழுதிவிடுகிறேன்.

கூகுள் மேப்பில் கடையைப் பதிவது அவசியம். பொருத்தம், தூரம், எவ்வளவு அறியப்பட்டது என்ற மூன்றையும் வைத்துத்தான் வரிசைப்படுத்துகிறோம் என்று கூகுளே சொல்கிறது. தூரத்தை நாம் மாற்ற முடியாது, மற்ற இரண்டுக்கும் உழைக்கலாம். வீடு தேடிப் போய் வேலை பார்க்கிறவர்கள் இருபது ஊர் வரை சேவைப் பகுதியாகக் குறிக்கலாம். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகிவிட்டாலும் ஆலங்குளத்துக்காரருக்கும் கடையத்துக்காரருக்கும் நாங்கள் பக்கத்துக் கடைதான், அந்த ஊர்களையும் சேர்த்திருக்கிறேன். மதிப்புரை எழுதினால் தள்ளுபடி என்று கொடுப்பதைக் கூகுள் அனுமதிப்பதில்லை. கேட்டால் போதும், எழுதுவார்கள். எந்த ஊர், என்ன வேலை என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள் அண்ணாச்சி என்பேன். “மூலைக்கரைப்பட்டியில் 5 எச்பி மோட்டார் தூக்கினார்கள்” என்ற ஒரு வரி, ஐந்து நட்சத்திரத்தைவிட அடுத்தவருக்கு உதவும்.

மேப்போடு நின்றுவிடவும் கூடாது. கூகுள் வணிகப் பதிவோடு இலவசமாக ஒரு சின்ன இணையதளம் கிடைத்துக்கொண்டிருந்தது. 2024 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டார்கள். அதை மட்டும் நம்பியிருந்த கடைகளுக்குப் பக்கமே இல்லாமல் போனது. சொந்த டொமைன், அதாவது தளத்தின் முகவரி, வாங்குங்கள், அது தளம் செய்து கொடுத்தவர் பெயரில் இல்லாமல் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில் இருக்கட்டும். இதை மட்டும் யாரிடமும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இப்போது சோலார் பம்பு பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். மானியத்தில் போட்ட சோலார் பம்பு நின்றால் எங்களைக் கூப்பிடுகிறார்கள். பராமரிப்புக் காலம் முடியாத பம்பில் நாங்கள் கை வைத்தால் போட்டுக் கொடுத்த கம்பெனி பிறகு பொறுப்பேற்காமல் போகலாம். அதனால் முதல் பத்தியிலேயே, பேப்பரை எடுத்துத் தேதியைப் பாருங்கள், காலம் முடியவில்லை என்றால் அவர்களைக் கூப்பிடுங்கள் என்று வைத்திருக்கிறேன். கன்ட்ரோலர் பெட்டியின் உள்ளே ஒரு தெளிவான படம் வேண்டும். தம்பி நாளைக்கு வள்ளியூர் போகிறான், எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.